ஈத் தூண்டில்

ஈத் தூண்டில் என்பது, இறகும் நூலும் கொண்டு பூச்சியைப் போலவோ சிறுமீனைப் போலவோ கட்டப்பட்ட எடையற்ற போலி இரையை, கனமான நூலின் விசையால் வீசி மீன் பிடிக்கும் முறையாகும். ஆங்கிலத்தில் ‘ஃப்ளை ஃபிஷிங்’ எனப்படும் இது, பெரும்பாலும் குளிர்நாட்டு ஓடைகளோடும் டிரவுட் மீனோடும் சேர்த்தே பேசப்படுகிறது. எனினும் இதன் கோலுக்குப் பயன்பட்ட மூங்கிலும், போலி இரைக்குப் பயன்பட்ட சிறப்பான இறகும் இந்தியாவிலிருந்து சென்றவை. தமிழ்நாட்டில் நீலகிரி ஓடைகளில் இம்முறை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிமுகமானது. செட்டிநாட்டுக் கண்மாய்களில் வாழும் விரால், ஜிலேபிக் கெண்டை போன்ற மீன்களையும் இம்முறையில் பிடிக்க இயலும்.

வழக்கமான தூண்டிலிலிருந்து வேறுபாடு

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்த கீழச்சிவல்பட்டியும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களும் வற்றாத ஆறு இல்லாத பகுதியில் அமைந்தவை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாய்களும் ஊருணிகளுமே இங்குள்ள நீர்நிலைகள். கோடையில் கண்மாய் வற்றும்போது இவ்வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர் மக்கள் ஊத்தா, கச்சா, பரி, வலை ஆகியவற்றோடு ஒரே நேரத்தில் நீரில் இறங்குவார்கள். நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் பயன்படுவது தூண்டில்.

நாட்டுத் தூண்டிலில் ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டிலோ சோளத்தட்டையிலோ செய்த தக்கை, சிறு ஈயக்குண்டு, முள், மண்புழு ஆகியவை இருக்கும். இரையைத் தண்ணீருக்குள் கொண்டு சேர்ப்பது ஈயக்குண்டின் எடை. ரீல் பொருத்திய தூண்டிலிலும் இதே நிலைதான். முனையில் உள்ள எடை பறக்கும்போது மெல்லிய நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் செல்கிறது.

ஈத் தூண்டிலில் இது தலைகீழாகிறது. போலி ஈக்கு எடை ஏறக்குறைய இல்லை. அதைக் கையால் எறிந்தால் இரண்டு அடிகூடப் போகாது. ஆகவே எடை நூலில் வைக்கப்படுகிறது. கனமான நூல் காற்றில் உருண்டு விரிந்து செல்லும்போது, அதன் நுனியில் உள்ள ஈ இழுபட்டுச் சென்று நீர்மேல் மெல்ல இறங்குகிறது. கோலின் வளைவு, நூலின் பருமன், வீசும் முறை ஆகிய அனைத்தும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை.

ஜப்பானின் ‘டென்காரா’ முறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் ரீல் இல்லை. நீண்ட கோலின் நுனியிலேயே நூல் கட்டப்பட்டிருக்கும். கருவி அமைப்பில் நாட்டுத் தூண்டிலை ஒத்தது, இரையிலும் வீச்சிலும் ஈத் தூண்டிலைச் சேர்ந்தது.

வரலாறு

கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய ரோமானியரான ஏலியன், மாசிடோனியாவில் அஸ்திரேயஸ் என்ற ஆற்றில் மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததைக் குறிப்பிட்டுள்ளார். அவர்களுடைய கோலும் நூலும் ஆறடி நீளம் கொண்டவை. இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் பற்றிய சிறுநூல் 12 வகை ஈக்களைக் கட்டும் விதத்தைத் தருகிறது. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் 1653இல் வெளிவந்தது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்லஸ் காட்டன் ஈத் தூண்டில் பற்றிய பகுதியைச் சேர்த்தார்.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி நூல்களை எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த இவர் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’ 1873இல் வெளியானது. மாசீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பது அந்நூலின் முக்கியப் பொருள். 1887இல் இவர் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். இது குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவதற்காகவே எழுதப்பட்டது. ஆற்றுக்கும் மலை ஓடைக்கும் மட்டும் உரியதாகக் கருதப்பட்ட பொழுதுபோக்கைத் தேங்கு நீர்நிலைகளுக்கும் கொண்டுவர முயன்றதால் இந்நூல் கவனத்துக்குரியது.

நீலகிரியில் டிரவுட் மீனைக் குடியேற்ற 1860களிலேயே பிரான்சிஸ் டே முயன்றார். கடல் பயணத்தையும் வெப்பத்தையும் தாண்டி முட்டைகளை உயிரோடு கொண்டுவருவது அன்று இயலவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை அரசின் மீன்வள நிபுணர் ஹெச். சி. வில்சன் காலத்தில்தான் முயற்சி பலித்தது. உதகை அருகே அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. அதையடுத்து வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. இலங்கையின் நுவரெலியா, கேரளத்தின் மூணாறு ஆகிய மலைப்பகுதிகளிலும் இதேபோல் டிரவுட் விடப்பட்டது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீர் தேவை. நீர் 25 பாகை செல்சியசை நெருங்கினாலே அது தளர்ந்துவிடும். அதனால் சமவெளிக் கண்மாய்களில் அதற்கு இடமில்லை.

கோல்

மரக்கோல்கள் கனமானவை. அவற்றின் இடத்தை 19ஆம் நூற்றாண்டில் பிளந்த மூங்கில் கோல்கள் பிடித்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி சாமுவேல் ஃபிலிப் 1840களில் இம்முறையைக் கையாண்டார். 1870களில் ஹைராம் லியோனார்ட் ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்த கோல்களைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அன்றைய கோல்களுக்கு மூலப்பொருள் இந்தியாவிலிருந்து கப்பலில் சென்ற ‘கல்கத்தா கேன்’ என்ற மூங்கில். அது தமிழில் கல்மூங்கில் எனப்படும் இனம். தமிழ்நாட்டின் வறண்ட மலைக்காடுகளிலும் வளர்வது. உள்ளே துளை மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதால் இப்பெயர் பெற்றது. பூச்சி அரிக்காமல் இருக்க இம்மூங்கில்கள் நெருப்பில் வாட்டி அனுப்பப்பட்டன. பழைய கோல்களில் காணப்படும் கருகிய தடங்கள் அதனால் வந்தவை. 1900ஐ ஒட்டித் தென்சீனாவின் ‘டோங்கின்’ மூங்கில் அறிமுகமானது. அதில் கணுக்களின் இடைவெளி அதிகம், கருகல் இல்லை. சில ஆண்டுகளிலேயே இந்திய மூங்கில் சந்தையிலிருந்து விலகியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கண்ணாடியிழைக் கோல்கள் பரவின. 1973இல் அமெரிக்காவின் ஃபென்விக் நிறுவனம் கார்பன் இழைக் கோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருப்பதால் இன்று பெரும்பாலான கோல்கள் கார்பன் இழையால் ஆனவை. வழக்கமான நீளம் 9 அடி. தூக்கிச் செல்ல வசதியாக நான்கு துண்டுகளாக இருக்கும்.

கோல் கட்டும் முறை

கோலைச் சொந்தமாகக் கட்டுவது உலகெங்கும் தனிக் கைத்தொழிலாக வளர்ந்துள்ளது. அதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மூங்கிலிலிருந்து தொடங்குவது. முற்றிய மூங்கிலை நன்கு உலர்த்திப் பட்டைகளாகப் பிளக்க வேண்டும். கணுக்களைச் சூடேற்றி அழுத்திச் சமன் செய்து, பட்டைகளை நேராக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பட்டையையும் 60 பாகைக் கோணமுள்ள முக்கோண வடிவில், நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லுமாறு இழைக்க வேண்டும். மூங்கிலின் வலிமை முழுவதும் மேல்தோலை ஒட்டிய இழைகளில் இருக்கிறது. எனவே இழைப்புளி உட்புறத்தில் மட்டுமே ஓடும், மேல்தோல் தொடப்படுவதில்லை. ஆறு பட்டைகளையும் ஒட்டினால் அறுகோண வடிவக் கோல் கிடைக்கும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு வேறுபாடுகூடக் கோல் வளையும் விதத்தை மாற்றிவிடும்.

இரண்டாம் வழி, ஆலையில் செய்த வெற்றுக் குழலை வாங்கி உறுப்புகளைப் பொருத்துவது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதுவே ஏற்றது. அதன் படிகள் வருமாறு:

1. குழலின் முதுகைக் கண்டறிதல். குழலின் அடிப்பகுதியைத் தரையில் ஊன்றி, நடுவே அழுத்தி வளைத்தால் அது தானாகத் திரும்பி ஒரு பக்கத்தில் நிலைகொள்ளும். விறைப்பு மிகுந்த அந்தப் பக்கத்தையொட்டி வளையங்கள் ஒரே நேர்கோட்டில் குறிக்கப்படுகின்றன.

2. கைப்பிடி பொருத்துதல். கார்க் வளையங்களை ஒட்டி, அரத்தாலும் உப்புத்தாளாலும் கைக்கு ஏற்பத் தேய்த்து எடுப்பார்கள். அதன் கீழே ரீல் தாங்கி ஒட்டப்படும்.

3. வளையங்களுக்கு இடம் குறித்தல். 9 அடிக் கோலுக்கு நுனி வளையம் தவிர ஏறத்தாழ 10 வளையங்கள் வேண்டும். நுனிப்பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் அகலமாகவும் இடைவெளி அமையும். இதனால் வளைவு முழுவதும் சுமை சீராகப் பரவுகிறது.

4. நூல் சுற்றுதல். வளையத்தின் கால்கள் மேல் மெல்லிய நூலை இடைவெளியின்றிச் சுற்றி, முடிச்சுத் தெரியாமல் நூல்முனையை உள்ளே இழுத்துவிட வேண்டும்.

5. எப்பாக்ஸி பூசுதல். பூச்சு இறுகும்வரை கோலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து கட்டியாகிவிடும். இதற்குச் சிறிய மின்மோட்டார் பயன்படுகிறது.

நூலும் நுனி நரம்பும்

முற்காலத்தில் குதிரைமயிரும், பின்னர் ஆளிவிதை எண்ணெய் ஏற்றிய பட்டும் நூலாகப் பயன்பட்டன. பட்டு நூலை ஒவ்வொரு நாளும் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். 1950களில் பி.வி.சி. பூச்சுக் கொண்ட நூல்கள் வந்தபின் இச்சிக்கல் தீர்ந்தது.

நூலின் எடை எண்களால் குறிக்கப்படுகிறது. நூலின் முதல் 30 அடி எவ்வளவு எடை உள்ளது என்பதே கணக்கு. எண் 5 என்றால் அந்தப் பகுதி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9.1 கிராம். எண் 8 என்றால் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். கோலிலும் இதே எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கோல் போதிய அளவு வளையாது, அல்லது அளவுக்கு மீறி வளையும். சிறு ஜிலேபிக் கெண்டைக்கு எண் 4 அல்லது 5 போதும். பாசி நடுவிலிருந்து விராலை இழுத்தெடுக்க எண் 7 அல்லது 8 தேவைப்படும்.

குளிர்நாட்டுக்கென்று செய்த நூல் செட்டிநாட்டு வெயிலில் இளகி, வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பநாட்டு நூல்களின் உட்கருவும் பூச்சும் விறைப்பாக இருப்பதால் அவையே இங்கு பொருந்தும்.

பருத்த நூலை நேரடியாக ஈயோடு கட்டினால் மீன் அஞ்சி விலகும். அதனால் இடையில் சுமார் 9 அடி நீளமுள்ள, நுனி நோக்கி மெலிந்து செல்லும் தெளிவான நரம்பு இணைக்கப்படுகிறது. இது ‘லீடர்’ எனப்படும். நூலில் எழும் விசை சிறிது சிறிதாகத் தணிந்து ஈயைச் சென்றடையவும் இந்த மெலிவே உதவுகிறது. ரீலின் பங்கு இங்கே குறைவு. அது நூலைச் சுற்றி வைக்கவும், பெரிய மீன் இழுத்தோடும்போது தடை கொடுக்கவும் பயன்படுகிறது.

போலி ஈக்களும் இறகுகளும்

நீர்மேல் மிதப்பவை உலர் ஈக்கள். நீருக்குள் அமிழ்பவை ஈர ஈக்கள். பூச்சியின் இளநிலையைப் போன்றவை நிம்ஃப்கள். சிறுமீன், தவளை ஆகியவற்றைப் போலக் கட்டப்படுபவை ஸ்ட்ரீமர், பாப்பர் எனப்படும். முள்ளைச் சிறு பிடிகருவியில் இறுக்கி, நூலால் இறகையும் மயிரையும் சுற்றிக் கட்டுவார்கள். சேவலின் கழுத்து இறகு விறைப்பானது, நீரை உறிஞ்சாது. ஆகவே உலர் ஈக்கு ஏற்றது. கோழியின் மென்மையான இறகு ஈர ஈக்குப் பொருந்தும்.

சால்மன் மீனுக்காக ஐரோப்பாவில் கட்டப்பட்ட அழகிய ஈக்களில் ‘ஜங்கிள் காக்’ என்ற இறகு பெரிதும் விரும்பப்பட்டது. இது தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. நுனியில் மெழுகு பூசியதுபோல் வெளிர்மஞ்சள் பொட்டு இருக்கும். அது சிறுமீனின் கண்ணைப் போலத் தோன்றும். இறகுக்காகப் பறவைகள் பெருமளவில் கொல்லப்பட்டதால், 1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இன்று இப்பறவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. வெளிநாடுகளில் பண்ணைகளில் வளர்த்த பறவைகளிலிருந்து இவ்விறகு பெறப்படுகிறது. தமிழ்நாட்டில் ஈ கட்டுபவர்களுக்கு வீட்டுச் சேவலின் இறகே போதுமானது.

வீசும் முறை

வீச்சில் வலிமையைவிட நேரமே முக்கியம். அடிப்படையான தலைமேல் வீச்சு பின்வருமாறு அமையும்.

கட்டைவிரல் கைப்பிடியின் மேல் இருக்குமாறு கோலைப் பிடிக்க வேண்டும். கோலின் நுனியை நீரருகே தாழ்த்தி, நூலில் தளர்ச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தளர்ந்த நூல் இருந்தால் கோல் வளையாது, கை அசைவு வீணாகும். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்டிக் கோலைத் தூக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குக் கடிகார முள்ளைப் போலத் தெரியும் கோல், 10 மணி நிலையிலிருந்து ஏறத்தாழ 1 மணி நிலைக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தப்பட வேண்டும்.

இந்த நிறுத்தம்தான் வீச்சின் உயிர். வளைந்த கோல் நிமிரும்போது அதில் சேர்ந்திருந்த விசை நூலுக்கு மாறுகிறது. நூல் பின்புறம் வளையமாக உருண்டு விரிகிறது. அது முழுமையாக நீளும்வரை காத்திருந்து, பின் முன்னோக்கி அதேபோல் வேகம் கூட்டி 10 மணி நிலையில் நிறுத்த வேண்டும். நூலின் நீளம் கூடக்கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும்.

கோலின் நுனி நேர்கோட்டில் சென்றால் வளையம் குறுகலாக அமைந்து காற்றைக் கிழித்துச் செல்லும். மணிக்கட்டு அதிகம் மடங்கி நுனி வில்போலச் சுழன்றால் வளையம் அகன்று, நூல் நடுவழியிலேயே விழுந்துவிடும். தொடக்கத்திலேயே வெட்டி இழுத்தால் நுனி உட்குழிந்து சென்று, நூல் தன்னையே குறுக்கிட்டு லீடரில் முடிச்சு விழும். பின்வீச்சு விரியும் முன்பே அவசரப்பட்டால் சாட்டை அடித்ததுபோல் ஒலி எழும். ஈ அறுந்துபோவதும் உண்டு.

பின்னால் கருவேல மரங்கள் இருந்தால் பின்வீச்சுக்கு இடமிருக்காது. அப்போது உருள்வீச்சு பயன்படும். நூலை நீர்மேல் மெதுவாக இழுத்து, தோளுக்குப் பின்னால் நூல் தொங்கும்படி கோலை நிறுத்தி, முன்னோக்கி அழுத்தினால் நூல் உருண்டு செல்லும். நூலை நீர் பற்றிக்கொள்வதால்தான் இவ்வீச்சு அமைகிறது. எனவே இதைத் தரையில் பழக முடியாது.

தலைமேல் வீச்சைப் பழகத் தண்ணீர் தேவையில்லை. புல்தரையே போதும். கல்லும் முள்ளும் உள்ள தரையில் நூலின் பூச்சு கிழிந்துவிடும். ஈக்குப் பதிலாகச் சிறு கம்பளித் துண்டைக் கட்டி, 8 முதல் 10 மீட்டர் நூலோடு பழகலாம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வீசுவதைவிடத் தினமும் 10 நிமிடம் பழகுவது பயன்தரும். தலையைத் திருப்பிப் பின்வீச்சைக் கண்ணால் பார்ப்பது தவறுகளை விரைவில் திருத்தும். ஆடிக்காற்று வீசும் காலத்தில் அதிகாலையே ஏற்ற நேரம்.

கண்ணாடியும் தொப்பியும் அணிவது கட்டாயம். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கண்மாய்க்கரையை ஒட்டி மின்கம்பி செல்லும் இடத்திலும், இடி மின்னல் வேளையிலும் கோலைத் தூக்கக் கூடாது.

கண்மாயில் ஈத் தூண்டில்

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான குளங்களில் உண்டு. சிறிய நிம்ஃப்களை அது எளிதில் கவ்வும். கற்பவர்களுக்கு ஏற்ற மீன் இது. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கும், மேற்பரப்பில் துள்ளும் தவளையைப் பாய்ந்து பிடிக்கும். தவளை போன்ற பாப்பர் அதற்கு ஏற்றது. ஆகாயத்தாமரையும் பாசியும் சிக்காதபடி முள்ளின் முன் வளைந்த நரம்புத் தடுப்பு வைத்துக் கட்ட வேண்டும்.

விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் இயல்புடையது. செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேற்பரப்பில் நீந்தும்போது தாய்தந்தை மீன்கள் அடியில் காவல் நிற்கும். அங்கே எது விழுந்தாலும் சீறிப் பாயும். அந்த நேரத்தில் பிடிப்பது மிக எளிது. ஆனால் காவல் போனால் குஞ்சுத்திரள் சில மணி நேரத்திலேயே மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீனுக்காக அடுத்த ஆண்டின் விரால்கள் அழிகின்றன. எனவே குஞ்சுத்திரளின் அருகே தூண்டில் வீசாமல் இருப்பதே முறை.

கண்மாய் பொதுநீர் என்றாலும் அதன் மீனுக்கு உரிமையாளர் உண்டு. பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகை ஏலம் விடப்படுகிறது. குத்தகைதாரர் பணம் கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். சில ஊர்களில் திருவிழாவுக்கென்று மீனை விட்டு வைத்திருப்பார்கள். குத்தகைதாரரிடமோ ஊராரிடமோ கேட்காமல் தூண்டில் வீசுவது, பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும் முறையாகாது. குடிநீர் ஊருணிகளில் இறங்கவோ மீன் பிடிக்கவோ கூடாது. வனவுயிர்ச் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றி மீன்பிடிப்பது குற்றம். காவிரி வடிநிலத்துக்கே உரிய திமில் மாசீர், மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மீனை விட எண்ணுபவர்கள் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிய தூண்டில் முள்ளைப் பயன்படுத்த வேண்டும். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அங்கே நோய் பற்றும். கோடை உச்சத்தில் கண்மாய் நீர் சூடேறி உயிர்வளி குறையும்போது, கெண்டை வகை மீன்கள் விட்ட பிறகும் பிழைப்பது அரிது. அந்நாட்களில் மீனைப் பிடித்து விடுவதைவிட, புல்தரையில் வீச்சுப் பழகுவதே நல்லது.